விலையை மட்டும் பேசாதீங்க

"நேர்ல போய்ப் பாக்காம பணம் அனுப்பினா இப்படித்தான் ஆகும்." பழைய கார் வாங்கப் போய் எங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே குறுக்கிட்டு இதைத்தான் சொல்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தோம். ஓட்டிப் பார்த்தோம். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், யார் பெயர் இருந்ததோ அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் 50,000 ரூபாயை அனுப்பினோம். வண்டி நிஜம், ஆர்சி நிஜம், வீடு நிஜம், அந்த மனிதரும் நிஜம். பணம் மட்டும் வேறு எங்கோ போனது. ஒரு வருடத்துக்கு மேலாக இதை எழுதாமல் வைத்திருந்தேன், மாமாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. இரண்டு வாரம் முன்பு என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவர் பழைய கார் பார்க்கச் சேலம் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகிறபோக்கில், "வண்டி விக்கறவரோட மாமனார் வீட்ல நிக்குதாம், போய்ப் பாத்துக்கங்க, வெலய மட்டும் மாமனார்கிட்ட பேசவேண்டாம்னு சொன்னாரு" என்றார். எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிட்டது. அன்று இரவே மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது" என்றார்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறார். இருபது வருடமாக டிவிஎஸ் எக்ஸெல்லிலேயே இரும்பும் சுமந்து குடும்பத்தையும் சுமந்தவர். அக்காவுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை வந்து, டூவீலரில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கார் பேச்சு வந்தது. ஏலச்சீட்டு எடுத்த பணம் மூன்று லட்சம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்கமாட்டேன் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கார் விற்கும் கடையைக் கன்சல்டிங் என்போம். அங்கே போனால் அவர்கள் லாபம் வைத்துத்தான் கொடுப்பார்கள், நேராக ஓனரிடமே வாங்கினால் அந்தக் காசு மிச்சம் என்று ஆன்லைனில் தேடத் தொடங்கினோம். தேடும் வேலை என்னுடையது.

முதல் வாரத்திலேயே ஒரு ராணுவ வீரர் கிடைத்தார். புகைப்படத்தில் சீருடை, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டது, வண்டி விமான நிலையப் பார்க்கிங்கில் நிற்கிறது, ராணுவ வண்டியிலேயே ஏற்றி உங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறேன், அதற்கு 5,150 ரூபாய் மட்டும் முன்னால் கட்டுங்கள், பிடிக்காவிட்டால் அதுவும் திரும்ப வந்துவிடும் என்றார். இது ஊரறிந்த ஏமாற்று. உண்மையான வீரர் யாரோ ஒருவரின் அட்டையை எங்கிருந்தோ எடுத்து நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். நம்பரைத் தடைசெய்துவிட்டு, மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைதான் பின்னால் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஏமாற்றுக்காரன் என்றால் தூரத்தில் இருப்பான், வண்டியைக் காட்டமாட்டான், காட்டாமல் பணம் கேட்பான் என்று ஒரு உருவத்தை மனதில் வரைந்து வைத்துக்கொண்டேன். அந்த உருவத்துக்குள் அடங்காத ஆள் வந்தால் நல்லவன் என்று எடுத்துக்கொள்ளத் தயாராகிவிட்டேன்.

கோபிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

2016 வேகன் ஆர், பெட்ரோல், ஃபர்ஸ்ட் ஓனர், டிஎன் 36, விலை 2,90,000. டிஎன் 36 என்றால் கோபிசெட்டிபாளையம். அந்த மாடலுக்கு மற்றவர்கள் மூன்றரைக்கு மேல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் மரியாதையான, நிதானமான குரல். பெருந்துறையில் தொழில் செய்கிறேன் என்றான். வண்டி அவனுடைய சித்தப்பா வீட்டில் நிற்கிறதாம். சித்தப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் பெயரில் இருந்தாலும் காசு போட்டது இவனாம், அவசரத்துக்கு விற்கிறானாம். "எப்ப வேணா போய்ப் பாருங்க, ஓட்டிப் பாருங்க, மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணுங்க, வெலய மட்டும் அவர்கிட்ட பேசாதீங்க. இவ்வளவு கொறச்சுக் குடுக்கறேன்னு தெரிஞ்சா பெரியவரு சங்கடப்படுவாரு." முன்பணம் கேட்கவில்லை. பார்க்கிங் கட்டணம், லாரி வாடகை எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ என்று அவனே சொல்கிறான். வேறென்ன வேண்டும்?

அவிநாசி, நம்பியூர் வழியாகப் போனோம். மாமாவின் பட்டறைக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனும் வந்தார். பாரியூர்ப் பக்கம், வயலை ஒட்டின பழைய ஓட்டு வீடு. வாத்தியார் வேட்டி சட்டையில் வாசலிலேயே நின்று வரவேற்றார். வண்டியைப் பார்த்ததும் மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

அன்று பார்த்ததையெல்லாம் சொல்லவேண்டும், ஏனென்றால் அத்தனையும் சரியாக இருந்தது. கிளம்பும் முன்பே அரசின் எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தேன். பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் நாள் எல்லாம் விளம்பரத்தோடு ஒத்துப்போயின. ஓனர் பெயரை இடையிடையே மறைத்துத்தான் காட்டும், தெரிந்த எழுத்துகள் வாத்தியாரின் பெயரோடு பொருந்தின. அபராத பாக்கி இல்லை. மெக்கானிக் அண்ணன் ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னார். எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி. பிறகு பானட்டைத் திறந்து என்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஏப்ரான் தகட்டின் வெல்டிங்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், அடிபட்டு வெட்டி ஒட்டின வண்டியில் அந்தப் புள்ளி வெல்டிங் ஒழுங்காக வராது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கின வண்டிகளைக் கழுவி மேற்கே கொண்டுவந்து விற்பார்களோ என்ற பயம் அவருக்கு. மூழ்கின வண்டியில் எதைக் கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தங்கிவிடுமாம். இங்கே பெல்ட் சுத்தமாக இருந்தது, மிதியடிக்குக் கீழேயும் ஈர வாடை இல்லை.

மீட்டரில் 58,000 கிலோமீட்டர். மீட்டரைத் திருப்புவது இன்று லேப்டாப்பைச் செருகிச் செய்கிற சில நிமிட வேலை, அதனால் அதை மட்டும் நம்பக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2021இல் மாற்றின டயர்கள், தேய்மானம் கணக்குக்குச் சரியாக வந்தது. கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடிதான் பழசாகியிருந்தன. இன்சூரன்ஸ் காகிதத்தில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். பலர் கவனிக்காத இடம் இது. கிளைம் இல்லாமல் ஓட ஓட 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருட முடிவில்தான் 50 வரும், ஒருமுறை கிளைம் போட்டால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆக, சமீப வருடங்களில் பெரிய அடி எதற்கும் கிளைம் போடவில்லை என்று அந்த ஒற்றை எண்ணே சொல்லிவிடும். வங்கிக் கடனை அடைத்த கடிதம், வண்டி வங்கிக்கு அடமானம் என்ற எச்பி குறிப்பை நீக்கின பதிவு, இரண்டு சாவி, முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் ஒரு ஃபைலில் நூல் கட்டி வைத்திருந்தார். வாத்தியார் இல்லையா.

"வண்டி தங்கமாட்டம் இருக்குது" என்றார் மெக்கானிக் அண்ணன்.

போன் செய்தவனைப் பற்றி வாத்தியாரிடம் கேட்டேன். "அவரு உங்களுக்குச் சொந்தங்களா?" ஒரு நொடி தயங்கினார். பிறகு, "ஆமாங்க, நம்ம பையந்தான்" என்றார். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவன் மாமாவுக்குப் போன் செய்தான். வண்டி பிடித்ததா, சரி, ஒரு 50,000 போட்டுவிடுங்கள், சித்தப்பாவிடம் சொல்லி, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29லும் 30லும் கையெழுத்துப் போடச் சொல்கிறேன், மீதியைக் கையெழுத்தானதும் போடுங்கள் என்றான். யுபிஐ எண்ணை அனுப்பினான். மாமா அதைப் போட்டதும் திரையில் வேறு யாருடைய பெயரோ வந்தது. கேட்டதற்கு, "நம்ம கம்பெனி மேனேஜர் அக்கவுண்ட்டுங்க" என்றான். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பணம் போனது. நேரம் காலை 11:42.

டீச்சரம்மா கொண்டுவந்த காபி

உள்ளே இருந்து வாத்தியாரின் மனைவி காபியும் தட்டில் முறுக்கும் கொண்டுவந்தார். அவரும் டீச்சராக இருந்தவர்தான். மாமாவிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, ரொம்பப் பிரியமாக, "ஏங் கண்ணு, மூணே முக்கால் லட்சத்தை அப்படியே ஒத்துக்கிட்டீங்களாமா? கொஞ்சம் கொறச்சுக் கேட்டிருக்கலாமில்ல? நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப்போறோம்?" என்றார்.

யாரும் பேசவில்லை. மாமாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. வாத்தியார் மனைவியை அதட்டுவதுபோல் பார்த்தார், வெலயைப் பேசக்கூடாதென்று அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. டீச்சரம்மாவிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. ஆண்களுக்குள் போனில் முடித்துக்கொண்ட பேச்சு, சமையல்கட்டில் இருந்தவருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மிச்சமான 2,40,000 ரூபாயும் அவர்களுடைய வண்டியும் அன்று தப்பித்தது அதனால்தான்.

"மூணே முக்காலா?" என்றார் மாமா. "எங்களுக்கு ரெண்டே தொண்ணூறுதானே பேசினாரு, உங்க பையன்."

"எம் பையன் பெங்களூர்ல இருக்கறானுங்க" என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது. பணம் போன வருத்தம்கூட அதற்கு அடுத்துதான். நான் எழுந்து நின்று, கிட்டத்தட்ட எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து, "அப்ப நீங்களும் இதுல கூட்டா?" என்று கத்தினேன். சொந்தம் என்று பொய் சொன்னாரே, பிறகு வேறென்ன என்று நினைத்தேன். அவர் கை நடுங்கியது. அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மெக்கானிக் அண்ணன்தான் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "தம்பி, மொதல்ல போனைப் போடு" என்றார். அவன் நம்பர் அணைந்திருந்தது.

1930க்கு அழைத்தேன். இணையக் குற்றப் பணமோசடிக்கான தேசிய எண் அது, பணம் போன உடனே அழைத்தால் அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க முயல்வார்கள். வங்கி, பரிவர்த்தனை எண், தொகை, நேரம் எல்லாம் கேட்டார்கள், அப்போது மணி 12:10. அதற்குள் 31,000 ரூபாய் வேறு வேறு கணக்குகளுக்குத் தாவிவிட்டது. 19,000 ரூபாயை நிறுத்தினார்கள். பிறகு சைபர்கிரைம் இணையதளத்தில் புகார், காவல் நிலையம், நீதிமன்ற உத்தரவு என்று ஐந்து மாதம் அலைந்து அந்த 19,000 திரும்ப வந்தது. அந்த அலைச்சலைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இருபத்தெட்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளமான நேரம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே பொய்

அன்று மதியம் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து இரு தரப்பும் அவரவர் கதையைச் சொன்னபோதுதான் முழுசும் புரிந்தது. வாத்தியார் தன் வண்டியை 3,75,000க்கு அவராகவே விளம்பரம் போட்டிருக்கிறார். அவன் அதைப் பார்த்து, பேரம் பேசாமல் அப்படியே ஒத்துக்கொண்டிருக்கிறான். "என்கிட்ட வேலை செஞ்ச ஒருத்தருக்குப் பழைய பாக்கி தரணுங்க, அதுக்குப் பதிலா இந்த வண்டியை எடுத்துக் குடுத்துடறேன். அவரு வந்து பாப்பாரு. வெலய மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க. நான் யாருன்னு கேட்டா சொந்தம்னு சொல்லிடுங்க, இல்லாட்டி நூறு கேள்வி கேப்பாரு" என்றிருக்கிறான். பிறகு அவர் போட்ட படங்களையே எடுத்து 2,90,000 என்று இன்னொரு விளம்பரம் போட்டு எங்களைப் பிடித்திருக்கிறான். எங்களுக்கு ஒரு சித்தப்பாவைக் காட்டினான், அவருக்கு ஒரு பாக்கிக்காரரைக் காட்டினான். நடுவில் அவன் முகத்தை யாரும் பார்க்கவேயில்லை.

வாத்தியாரும் ஏமாளி ஒன்றும் கிடையாது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடச் சொன்னால் அது திருட்டு என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், அதில் உஷாராக இருந்தார். பெயர் மாறாமல் வண்டியை விடக்கூடாது என்பதிலும் தெளிவு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் செய்தித்தாளில் படித்துக் கத்தரித்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த திருட்டுக்கெல்லாம் பூட்டுப் போட்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்ததற்கெல்லாம் நாங்களும் போட்டிருந்தோம். எனக்குத் தெரிந்து பழைய கார் மோசடி பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வண்டியையும் காகிதத்தையும் பற்றியவை. இங்கே அவை இரண்டிலும் குறை கிடையாது, சொல்லப்போனால் அவை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதுதான் அவனுக்கே தேவை. நல்ல வண்டியும் நேர்மையான ஓனரும் இல்லாமல் இந்தத் திருட்டைச் செய்யவே முடியாது.

இதை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்லவேண்டும். விலையைப் பேசாதீங்க என்றபோது நாங்கள் ஏன் ஒத்துக்கொண்டோம்? பெரியவரின் மனம் சங்கடப்படக்கூடாது என்றுதான் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆனால் மனதின் அடியில் இருந்த கணக்கு அது இல்லை. மற்றவர்கள் சொன்னதைவிட அறுபதாயிரத்துக்கு மேல் குறைவாகக் கிடைக்கிறது, அது பெரியவருக்குத் தெரிந்தால் கெட்டுப்போகும், அதனால் வாயை மூடிக்கொண்டோம். அவருக்குத் தெரியாத ஒன்றில் எங்களுக்கு லாபம் இருந்தது. அவருக்கும் அப்படித்தான், கேட்ட விலை குறையாமல் கிடைக்கிறது, ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று நினைத்திருக்கிறார். அவரே சொன்னார் அதை, கண் கலங்கி. நாற்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாயால் "நம்ம பையன்" என்று சொல்லிவிட்டேனே என்றார். நான் அவரிடம் என் பங்கைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

சேலம் போகவிருந்த பெண்ணுக்குச் சொன்னது

கூட வேலை செய்யும் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். போங்கள், வண்டியைப் பாருங்கள், ஆனால் போனதும் முதல் வேலையாக, ஆர்சியில் பெயர் உள்ளவர் முன்னால், அவர் வீட்டில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும்படி விலையைச் சொல்லுங்கள். "இன்ன தொகைக்குப் பேசியிருக்குதுங்க, சரிதானுங்களா" என்று கேளுங்கள். அதைக் கேட்கக்கூடாது என்று ஒருவர் தடுத்தால், காரணம் எவ்வளவு நெஞ்சைத் தொடுவதாக இருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம், ஆர்சியில் எந்தப் பெயரோ அந்தப் பெயருள்ள வங்கிக் கணக்கைத் தவிர வேறு எதற்கும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், மேனேஜர், மச்சான், கம்பெனி எதுவும் வேண்டாம். யுபிஐயில் பணம் போகும் முன் பெயர் தெரியும், அந்த இடத்தில் நின்று படியுங்கள், நாங்கள் படித்தும் கடந்துபோனோம். விளம்பரப் படத்தை வைத்து வேறு இடங்களிலும் தேடிப் பாருங்கள், அதே வண்டி இன்னொரு விலையில் நின்றால் விஷயம் முடிந்தது. பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்கவேண்டும், வாங்கினவர் 30 நாளில் விண்ணப்பிக்கவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு சொல்கிறது.

அவர் சேலத்துக்குப் போகவில்லை. போனிலேயே, "உங்க மாமனார் நம்பர் குடுங்க, வெலய அவர்கிட்டயே பேசிடறேன்" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு அந்த நம்பர் எடுக்கவேயில்லையாம். அந்த வண்டியின் நிஜ ஓனர் சேலத்தில் யாரோ, அவருக்கு இதைத் தெரியப்படுத்த எங்களுக்கு வழி தெரியவில்லை. அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாமா பிறகு எதிர் வீட்டுக்காரரின் தம்பியிடம் ஒரு பழைய ஆல்டோ வாங்கினார். அக்கா இப்போது அதில்தான் ஆஸ்பத்திரி போய்வருகிறாள். வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் கீழே வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை அவரே அழைத்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "அதெல்லாம் விடுங்க தம்பி, அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க" என்றார். பணம் ஏதாவது திரும்பக் கிடைத்ததா என்று விசாரித்தார். அக்காவின் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார், மாமா எப்போது சொன்னாரோ தெரியவில்லை. வண்டியைச் சத்தியமங்கலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், பெயர் மாற்ற அவரே கூடப் போய்வந்ததாகவும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "மூணு லட்சத்து அறுபதாயிரத்துக்குக் குடுத்தேனுங்க" என்றார். பின்னாலிருந்து டீச்சரம்மாவின் குரல், "அறுபத்தி ரெண்டுங்க, அறுபத்தி ரெண்டு" என்று கேட்டது.